ஸுக்கராவைக் காப்பாற்றிய குழு

அந்த மாவட்டத்தில் மொட்டை மாடிக் கோழி என்று ஒன்று கிடையாது. பறவைக் காய்ச்சல் வந்து போன காலத்திலேயே மாடியில் கோழி வளர்ப்பதை முற்றிலும் ஒழித்துவிட்டதாக அரசு அறிவித்து, கால்நடை அலுவலக வாசலில் பலகையும் மாட்டியிருந்தது. பலகையைத் திறந்துவைத்த அன்று மேலதிகாரி ஆற்றிய உரையில் பாதி யாருக்கும் காதில் விழவில்லை. சுற்றியிருந்த மாடிகளில் சேவல்கள் கூவிக்கொண்டே இருந்தன.

இல்லாத அந்தக் கோழிகளில் எட்டு, கால்வாய்க்கரைத் தெருவில் இன்ஷிராஹ் என்ற விதவையின் மாடியில் மேய்ந்துகொண்டிருந்தன. மகள் நெஸ்மாவின் பிரசவத்துக்காக வளர்த்தவை. நைல் நதி கிளை பிரிந்து கடலுக்குப் போகும் அந்த ஊர்களில், பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டிலிருந்து கோழி போக வேண்டும். நாற்பது நாளும் சூப் வைத்துக் கொடுக்க வேண்டும். கூடையிலிருந்து எத்தனை தலை எட்டிப் பார்க்கிறது என்பதைப் புகுந்த வீட்டுத் தெருவே நின்று பார்க்கும். அதிலும் நெஸ்மாவின் மாமியார் தவ்ஹீதா, கல்யாணச் சீரில் ஒரு தலையணை குறைந்ததை மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். ஆகவே அந்த எட்டுக் கோழிகளின் கழுத்தில்தான் இன்ஷிராஹின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டில் ஒன்று படுத்துவிட்டது. பழுப்பு நிறத்தில் கொழுகொழுவென்று இருக்கும், பெயர் ஸுக்கரா. இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி நின்றது. நெஞ்சுக்கு மேலே தீனிப்பை, பிசைந்து வைத்த மாவுருண்டை போல வீங்கியிருந்தது.

பக்கத்து மாடியில் புறா வளர்க்கும் கவுகப், கட்டைச் சுவருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எதையோ முழுங்கியிருக்கு. கொஞ்சம் எண்ணெய் விட்டு நீவி விடு, சரியாயிரும்."

"அந்தக் காய்ச்சலா இருந்தா? மத்த ஏழும் போச்சுன்னா தவ்ஹீதா என்னை உயிரோட வைப்பாளா?"

அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் ஒலிபெருக்கி வண்டி போனது. 'உங்கள் பறவை நோயுற்றதா? தயங்காதீர்கள். எங்களிடம் வாருங்கள். உங்கள் கோழி எங்கள் கோழி.' பல வருடமாகப் போகிற வண்டிதான். அது சொல்வதை ஊரில் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்ஷிராஹ் அன்று நம்பிவிட்டாள். அவள் செய்த ஒரே தவறு அதுதான்.

வட்டார கால்நடை அலுவலகத் தலைவர் டாக்டர் லுத்ஃபி, ஒட்டகத்தின் பாதத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அந்த வட்டாரத்தில் ஒட்டகம் இல்லாததால் நிர்வாகத்தில் முழுக் கவனம் செலுத்த முடிந்தது. கூடையோடு உள்ளே வந்த இன்ஷிராஹை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஹாஜ்ஜா அது?"

அவள் மக்காவுக்குப் போனதில்லை. ஆனால் தலையில் துணி போட்ட நடுவயதுப் பெண்ணை அரசு ஊழியர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். வேறு எதையும் தராதவர்கள் அதையாவது தாராளமாகத் தந்தார்கள்.

"கோழி, டாக்டர். மாடியில வளக்குறேன். ரெண்டு நாளா..."

"மாடியில கோழி கிடையாது."

"இருக்கே டாக்டர். இதோ."

கூடைக்குள் ஸுக்கரா லேசாக முனகியது. டாக்டர் லுத்ஃபி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நீங்க வாசல்ல பலகையைப் படிச்சுட்டுத்தானே வந்தீங்க? இல்லாத கோழிக்கு நான் எப்படி மருந்து எழுதறது? நாளைக்கு மேலிடத்துல கேட்டா என்ன பதில் சொல்றது?"

"ஒரு தடவை தொட்டுப் பார்த்தீங்கன்னா..."

"தொட்டா இருக்குன்னு ஆயிடும்."

அவர் சொன்னது அவருக்கே பிடித்துப்போய், எதிரில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் ஹம்தியைப் பார்த்தார். ஹம்தி விவசாயப் பொறியாளர். அலுவலகத்தில் அவருடைய வேலை தலையாட்டுவது. ஆட்டினார். ஜன்னலோரம் எழுத்தர் பிஷாரா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர்களின் பெரிய நோன்புக் காலம் அது. இறைச்சி தொடாமல், வெறும் ரொட்டியும் அவரைக்கொட்டையும் தின்று மெலிந்த முகம்.

இன்ஷிராஹ் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அப்போது பிஷாரா, எழுதுவதை நிறுத்தாமலே, 'நலமான கூரை' திட்டத்துக்கு ஒவ்வோர் அலுவலகமும் குணமாக்கிய பறவை ஒன்றைக் காட்ட வேண்டும் என்று மேலிடம் கேட்டிருப்பதை நினைவூட்டினார். அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். பிறகு அதற்காகப் பலமுறை வருந்தினார்.

டாக்டர் லுத்ஃபி எழுந்து நின்றார்.

"ஹாஜ்ஜா, உக்காருங்க. டீ கொண்டு வரச் சொல்லு. இந்தக் கோழி தற்காலிகமா இருக்குன்னு வச்சுக்குவோம். குழு வரும். அதுவரைக்கும் யாரும் வைத்தியம் பண்ணக் கூடாது."

"செத்துப் போச்சுன்னா?"

"அதுக்கும் குழு வரும்."

வீட்டுக்கு வந்ததும் கவுகப் சுவரைத் தாண்டிக் குதித்து வந்தாள். "குழு வர்ற வரைக்கும் இது காத்துக்கிட்டு இருக்குமா? தூக்கிப் பிடி." இன்ஷிராஹ் மடியில் இருத்திக்கொண்டாள். கவுகப் அலகைத் திறந்து நாலு சொட்டு எண்ணெயும் வெதுவெதுப்பான நீரும் விட்டாள். பிறகு தீனிப்பையை மெதுவாக, கீழிருந்து மேலாக நீவினாள். மாலை வரை மாற்றி மாற்றி நீவினார்கள். கடைசியில் கோழி கழுத்தை நீட்டிக் குமட்டியது. அலகிலிருந்து ஒரு நூல் முனை எட்டிப் பார்த்தது. இழுக்க இழுக்க வந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு இன்ஷிராஹ் மாடியில் உட்கார்ந்து மெத்தை தைத்த அதே சிவப்பு நூல்.

மறுநாள் விடிந்தபோது ஸுக்கரா மற்ற ஏழையும் விரட்டிவிட்டுத் தீனித் தட்டில் நின்றது.

இன்ஷிராஹ் சந்தோஷமாக அலுவலகம் போய், "குணமாயிருச்சு, டாக்டர். சிரமம் வேண்டாம்," என்றாள்.

டாக்டர் லுத்ஃபியின் முகம் இருண்டது. "யார் குணமாக்கினது?"

"நானும் பக்கத்து வீட்டுக்காரியும்."

"நோயை மறைச்சுட்டீங்க."

"மறைக்கல டாக்டர், வெளியில எடுத்துட்டோம். நூலு. சிவப்பு நூலு."

"பாருங்க ஹாஜ்ஜா, குணம்ங்கிறது கோழி முடிவு பண்ற விஷயம் இல்ல. தீனி தின்னா குணமா? அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல எல்லாமே குணமாத்தான் இருக்கு. குழு பார்த்து, குழு பேசி, குழு கையெழுத்துப் போட்டா அது குணம். அதுவரைக்கும் அந்தக் கோழி நோயாளி."

ஹம்தி தலையாட்டினார்.

வியாழக்கிழமை குழு வந்தது. டாக்டர் லுத்ஃபி, ஹம்தி, பிஷாரா, ஓட்டுநர். மாடிப்படி ஏறியதில் டாக்டருக்கு மூச்சு வாங்கியது. இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த தூணில் சாய்ந்து, கோழிகளை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நோயாளி எது?"

"அதோ, மத்ததையெல்லாம் கொத்துதே, அது."

"குணத்துல மூர்க்கம்," என்றார் டாக்டர். பிஷாரா எழுதிக்கொண்டார்.

அதற்குள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்கும் விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்பினால் கால்வாய்க்கரைத் தெருவில் தலைகாட்ட முடியாது. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்றாள் இன்ஷிராஹ். டாக்டர் நெஞ்சில் கைவைத்து மறுத்தார். அவள் மறுபடி சொன்னாள். அவர் மறுபடி மறுத்தார். மூன்றாவது முறை அவள் வாயில், காலங்காலமாக அந்தத் தெருப் பெண்கள் விருந்தாளியிடம் சொல்கிற வார்த்தைகள் தாமாகவே வந்தன.

"அல்லாஹ்மேல ஆணையா சொல்றேன், இன்னைக்கு மட்டுமில்ல, எப்ப இந்த வாசப்படி மிதிச்சாலும் சாப்பிடாம நீங்க திரும்பக் கூடாது."

யாரும் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. டாக்டர் லுத்ஃபி எடுத்துக்கொண்டார்.

நாலு ஆண்களுக்கு ஒரு கோழி வைத்தால் கேலிக்கூத்து. இரண்டு அறுத்தாள். முலூகியாக் கீரைக் குழம்பு, சேமியா கலந்த சோறு, மேலே நெய்யில் பொரித்த கோழி. நோன்பிருந்த பிஷாராவுக்கு மட்டும் தனியாக வேகவைத்த அவரையும் ரொட்டியும். எலும்பைச் சப்பியபடி டாக்டர், "இந்தக் கோழி நல்ல ஆரோக்கியமா இருந்திருக்கு," என்று மருத்துவக் கருத்தையும் சொன்னார்.

அடுத்த வாரம் துணைக்குழு வந்தது. நோய்க்குக் காரணம் தேட வந்தவர்கள். இன்ஷிராஹ் சிவப்பு நூலைக் காட்டினாள். அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடிவிட்டு, காரணத்தைத் தொடர்ந்து தேடினார்கள். பாங்கு சொல்லும் நேரம் வரை கிடைக்கவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் டாக்டர், உங்களுக்கு வேலை இருக்கும்," என்று வாசலை நோக்கிக் கைகாட்டினாள்.

"வேலை இருக்குதான் ஹாஜ்ஜா. ஆனா நீங்க ஆணையிட்டுட்டீங்களே. நாங்க சாப்பிடாம போனா ஆணை முறிஞ்ச பாவம் உங்களுக்கு. ஒரு அரசு ஊழியன் குடிமக்களைப் பாவத்துல தள்ளலாமா? என் மனசாட்சி இடங்குடுக்கல." அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கைகழுவப் போனார்.

இன்னும் இரண்டு கோழி.

பக்கத்து மாடியிலிருந்து கவுகப் கேட்டாள்: "நெஸ்மா அம்மா, வைத்தியம் எந்தக் கோழிக்குடி நடக்குது? எனக்குப் புரியல."

"வாயை மூடு."

பிறகு வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பறவைகளின் மனநலம் பற்றி அறிந்தவர். தனியாக வந்ததால் ஒரு கோழியோடு போயிற்று. கூட்டத்தில் மற்ற கோழிகள் திடீரெனக் குறைந்துவருவதால் நோயாளி மனச்சோர்வில் இருப்பதாக அவர் கண்டுபிடித்தார். அது மட்டும் உண்மை.

மாடியில் மூன்று நின்றன. நெஸ்மாவுக்கு இடுப்பு வலி விட்டுவிட்டு வர ஆரம்பித்திருந்தது. இன்ஷிராஹ் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"டாக்டர், வழக்கை முடிச்சுக் குடுங்க. எட்டு இருந்துச்சு. மூணு இருக்கு."

டாக்டர் லுத்ஃபி நாற்காலியில் நிமிர்ந்தார். "அஞ்சு போயிருச்சா? இவ்வளவு வேகமா?"

"போகல டாக்டர். நீங்க சாப்பிட்டீங்க."

"மரணத்துக்குக் காரணம் என்னன்னு கண்டுபிடிக்கிறது குழுவோட பொறுப்பு. நீங்க யூகமா எதையும் சொல்லக் கூடாது." அவர் ஹம்தியிடம் திரும்பினார். "பாதிக்கு மேல போயிருச்சு. நிலைமை கையை மீறிப் போறதுக்குள்ள நாம மறுபடி போகணும்."

மறுபடி வந்தார்கள். இம்முறை புகைப்படக்காரரும் கூட. சாப்பாடு முடிந்த பிறகே உரை. டாக்டர் லுத்ஃபி மாடியின் நடுவில், ஸுக்கராவை ஹம்தியின் கையில் கொடுத்துவிட்டுப் பேசினார். அவர் அப்போதும் அதைத் தொடவில்லை.

"சகோதரர்களே, எட்டுக் கோழிகள் இருந்த மாடி இது. என்ன கொடுமையான நோய்னு பாருங்க, ஏழு போயிருச்சு. இதுல ரெண்டு இன்னைக்குக் காலையில கூட உயிரோட இருந்துச்சு. நாங்க வந்து பார்த்துக்கிட்டு இருக்கும்போதே, எங்க கண்ணு முன்னாடியே போயிருச்சு. ஆனா நாங்க மனசு தளரல. எங்களை விமர்சிக்கிறவங்க இருக்காங்க. அந்த அலுவலகம் என்ன செய்யுதுன்னு கேக்குறாங்க. நான் சொல்றேன், நாங்க இல்லேன்னா இந்த ஏழு கோழிகளுக்கும் இந்தக் கதி வந்திருக்குமா? அதாவது, நாங்க இல்லேன்னா இந்த எட்டாவதுக்கும் இந்தக் கதி வந்திருக்கும். அப்படித் திருத்தி எழுதிக்கோ பிஷாரா."

கைதட்டினார்கள். ஸுக்கராவின் காலில் அரசு முத்திரை பொறித்த தகர வளையத்தை மாட்டினார்கள். இனி அது 'நலமான கூரை' திட்டத்தின் முதல் பறவை. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வருவார்கள்.

எல்லோரும் படியிறங்கியபோது பிஷாரா மட்டும் தான் அவரைக்கொட்டை சாப்பிட்ட தட்டைக் கொண்டுவந்து கொடுக்கப் பின்தங்கினார். இன்ஷிராஹ், ஸுக்கரா மட்டும் நின்ற கூண்டின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"ஹாஜ்ஜா, நீங்க ஆணையிட்டப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். சாப்பிடாம போகக் கூடாதுன்னு சொன்னீங்க. கோழின்னு சொன்னீங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

சில நாட்களில் நெஸ்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கூடையில் ஒற்றைக் கோழியோடு இன்ஷிராஹ் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். தெருவில் வாசலுக்கு வாசல் பெண்கள் நின்றார்கள். கூடையிலிருந்து ஒரே ஒரு தலை எட்டி, எல்லோரையும் கர்வமாகப் பார்த்துக்கொண்டு போயிற்று.

தவ்ஹீதா கூடையின் துணியை விலக்கினாள். அடியில் இன்னும் இருக்கலாம் என்று கையை விட்டுத் துழாவினாள்.

"மத்ததெல்லாம் பின்னாடி வண்டியில வருதா?"

"இல்ல, சம்பந்தி."

"எட்டு வளக்குறேன் எட்டு வளக்குறேன்னு சொன்னே. எம் மருமக புள்ள பெத்ததுக்கு ஒண்ணு. மத்த ஏழு யாருக்கு?"

இன்ஷிராஹ் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சமாதானங்களை மறந்துபோனாள். "அரசாங்கத்துக்கு. அதுவும் முழுகாம இருந்துச்சு, சம்பந்தி."

"என்ன பெத்துச்சு?"

"அறிக்கை."

கட்டிலில் படுத்திருந்த நெஸ்மா சிரித்து, தையல் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தவ்ஹீதா சிரிக்கவில்லை. முழுக் கதையையும் சொல்லவைத்தாள். யார் வந்தார்கள், என்ன சமைத்தாய், சோற்றில் நெய் எவ்வளவு என்று குறுக்குக் கேள்வி போட்டாள். முடிந்ததும் ஸுக்கராவைத் தூக்கி, காலில் இருந்த வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இதை அந்த ஆபீஸ் ஆளுங்க கைவச்சுப் பார்த்தாங்களா?"

"ஒரு ஆளு தூக்கிப் பிடிச்சான்."

"அப்ப இது என் வீட்டு அடுப்புல ஏறாது. அவனுங்க தொட்டது எது உருப்பட்டிருக்கு? கால்வாயைத் தொட்டானுங்க, தண்ணி நின்னுச்சு. ரேஷன் கடையைத் தொட்டானுங்க, எண்ணெய் நின்னுச்சு. இந்தச் சூப்பைக் குடிச்சு இவளுக்குப் பால் நின்னா யாரு பதில் சொல்றது?" அவள் இடுக்கியை எடுத்து வளையத்தை நறுக்கி, இன்ஷிராஹின் கையில் திணித்தாள். "இந்தா உன் அரசாங்கம். கொண்டுபோயிரு. கோழி இங்கயே முட்டை போடட்டும்."

பிறகு தன் மாடிக்கு ஏறிப்போய், கைக்கு அடங்காத வாத்து ஒன்றைக் கழுத்தைப் பிடித்துக் கொண்டுவந்து அறுத்தாள். நாற்பது நாளும் அவள் மாடியிலிருந்துதான் நெஸ்மாவுக்குச் சூப் போயிற்று. அதை அவள் ஊரெல்லாம் சொன்னாள். ஆனால் தலையணையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேச அதைவிடப் பெரிய விஷயம் கிடைத்துவிட்டது.

மறுபரிசோதனைக் குழு சொன்ன நாளில் வந்தது. அன்று காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிடாமல் வந்தது நடையிலேயே தெரிந்தது. டாக்டர் லுத்ஃபி மாடியைச் சுற்றிப் பார்த்தார். கூண்டு காலி.

"நோயாளி எங்க?"

இன்ஷிராஹ் மேலே கைகாட்டினாள். கவுகப் வீட்டு டிஷ் ஆன்டெனாவின் விளிம்பில் ஒரு சாம்பல் நிறப் புறா உட்கார்ந்திருந்தது. காலில் தகர வளையம் வெயிலில் மின்னியது. நறுக்கிய இடத்தில் சிவப்பு நூல் சுற்றிக் கட்டியிருந்தது.

சுவருக்கு அப்பால் கவுகப் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் லுத்ஃபி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். வளையம் அவருடையதுதான்.

"இளைச்சிருக்கு," என்றார்.

"நோயிலேருந்து எழுந்த உடம்பு, டாக்டர்."

புறா சிறகை உதறி, கால்வாயைத் தாண்டிப் பறந்து, ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"பறக்குது," என்றார் ஹம்தி. அலுவலகத்தில் சேர்ந்த பிறகு அவர் சுயமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"தெரியுது. எதிர்பார்த்ததைவிட நல்ல முன்னேற்றம். எழுதிக்கோ பிஷாரா."

பாங்கு சொன்னார்கள். டாக்டர் லுத்ஃபி நெஞ்சில் கைவைத்து, மறுப்பதற்குத் தயாரானார். இன்ஷிராஹ் அவருக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. "ஆணை ஆணைதான் டாக்டர், உக்காருங்க," என்று தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். வேகவைத்த அவரை. மேலே எண்ணெய், சீரகத்தூள். ஓரத்தில் பச்சை வெங்காயம், ஊறுகாய், ஒரு அடுக்கு ரொட்டி.

ஓட்டுநர் தட்டைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஒரு துண்டு ரொட்டியைக் கிள்ளி, அவரையில் தொட்டு, வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார்.

"அடுத்த பரிசோதனைக்கு எப்ப வருவீங்க டாக்டர்? அவரைக்கொட்டை நிறைய ஊறப்போட்டு வச்சிருக்கேன்."

"தேவையில்ல ஹாஜ்ஜா. பறக்குற அளவுக்கு வந்துட்ட கோழியை இன்னும் நோயாளின்னு சொல்றது நியாயம் இல்ல." அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பிஷாரா, வழக்கு முடிஞ்சதுன்னு எழுது. இப்பவே எழுது."

மற்ற மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பிஷாரா எழுதி முடித்து, தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவருடைய நோன்பு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"ஹாஜ்ஜா, இன்னும் கொஞ்சம் அவரை இருக்குமா?" என்று தட்டை நீட்டினார்.